அகலமும் காற்றும்: நேர்கோட்டுப் பந்தயத்தில் தீராத ஒரு வழக்கு

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய தொழில் பொம்மைப் பலூன் செய்வது. ரப்பருக்குள் காற்றை அடைப்பதுதான் அங்கே முதல் சரக்கு. 1952இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பர் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு முழு டயர் வந்தது. எம்ஆர்எஃப் வளர்ந்த கதை அது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, புல்லட்டுக்கான ஆலையை அதே திருவொற்றியூரில்தான் அமைத்தது. வடமேற்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்த பிறகே கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

டயர், வண்டி, ஓடுதளம் மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்த ஊர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. ராயபுரத்துப் பஞ்சர் கடையில் ஒருவர், “பின்னாடி பெரிய டயர் போட்டா வண்டி பிச்சிக்கிட்டுப் போகுமா? காத்த கொஞ்சம் இறக்கினா பிடிப்பு ஏறுமா?” என்று கேட்டால் அது பொழுதுபோக்குக் கேள்வி மட்டும் ஆகாது. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடக்கிறார் என்பதே டிராக் பந்தயம். இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டியில் தூரம் இன்னும் குறைவு, சுமார் 300 மீட்டர். இவ்வளவு எளிய பந்தயத்தில் டயர் பற்றிய கேள்விக்கு மட்டும் எளிய பதில் கிடைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளாகக் கிடைத்துவந்த பதில்கள் ஒன்றையொன்று மறுப்பவை. அவை எங்கே பிறந்தன, எங்கே நொண்டுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பரப்புக்கு வேலையில்லை என்ற விதி

பிரான்சைச் சேர்ந்த கியோம் அமோந்தோன் 1699இல் உராய்வுக்கு இரண்டு விதிகளை வைத்தார். அழுத்தும் எடை கூடினால் உராய்வு அதே விகிதத்தில் கூடும். தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு கூடினாலும் குறைந்தாலும் உராய்வு மாறாது. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிறுத்திவைத்து இழுத்தாலும் ஒரே பலம்தான் வேண்டும். லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இதே கருத்து முன்பே இருந்தது. 1785இல் கூலோம் விரிவான சோதனைகளோடு இதை நிலைநிறுத்தினார். இன்றும் பள்ளிப் பாடத்தில் நாம் படிப்பது இதைத்தான்.

டிராக் பந்தயத்துக்கு இதைப் பொருத்தினால் வழக்கு அன்றே முடிந்துவிடும். அகலம் எவ்வளவானாலும் காற்று எவ்வளவானாலும் பிடிப்பு ஒன்றே. உராய்வுக் கெழு, அதாவது உராய்வை அழுத்தும் எடையால் வகுத்தால் வரும் எண், ஒன்றைத் தாண்டாது என்ற எண்ணமும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அப்படியென்றால் எந்த வண்டியும் புவியீர்ப்பின் முடுக்கத்தை மீறிப் பாய முடியாது. அந்த முடுக்கத்தை முழுத் தூரமும் காத்தால்கூடக் கால் மைலைக் கடக்க 9.06 விநாடி ஆகும், முடிவு வேகம் மணிக்கு 320 கி.மீ. இருக்கும். எவரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

1964இல் அமெரிக்க டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் கால் மைலில் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டியபோது அவர் எடுத்துக்கொண்டது 8 விநாடிக்கும் குறைவு. அமெரிக்க டிராக் பந்தயத்தின் உச்ச வகுப்பான டாப் ஃபியூவல் வண்டிகள் 2008 முதல் 1000 அடி, அதாவது 305 மீட்டர் மட்டுமே ஓடுகின்றன. அந்தத் தூரத்துக்கு அவற்றுக்கு 3.7 விநாடி போதும். சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல நான்கரை மடங்கு. பின்னால் உள்ள பெரிய இறக்கை காற்றின் விசையால் சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது என்பதைக் கழித்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். கழித்த பிறகும் ஒன்று என்ற வரம்பு நிற்காது.

அமோந்தோன் பிழை செய்துவிடவில்லை. அவருடைய விதி மரம், உலோகம் போன்ற கெட்டிப் பொருள்களிடம் கேட்டு எழுதப்பட்டது. ரப்பரை ஐரோப்பிய அறிவியல் அப்போது இன்னும் கண்டுகொள்ளவே இல்லை.

ரப்பர் வேறு சாதி

கெட்டிப் பொருள்களுக்கு அந்த விதி ஏன் பொருந்துகிறது என்பதை பவுடனும் டேபரும் 1950இல் வெளியிட்ட நூல் விளக்கியது. இரண்டு பரப்புகள் தொடுவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் உண்மையில் தொடுவது நுண்ணிய மேடுகளின் உச்சிகள் மட்டுமே. எடை ஏற ஏற அந்த உச்சிகள் நசுங்கி உண்மைத் தொடுபரப்பு அதே விகிதத்தில் வளர்கிறது. வெளித்தோற்றப் பரப்புக்கு அங்கே வேலையில்லை.

ரப்பர் நசுங்குவதில்லை, வளைந்து கொடுக்கிறது. விட்டால் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. வழவழப்பான பரப்பில் ரப்பரின் உராய்வு எடையோடு சேர்ந்து அதே விகிதத்தில் ஏறுவதில்லை, பின்தங்குகிறது என்று அடால்ஃப் ஷலமாக் 1952இல் காட்டினார். அவர் கணக்கின்படி உராய்வுக் கெழு, அழுத்தத்தின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். தரையில் விழும் அழுத்தத்தைப் பாதியாக்கினால் பிடிப்பு கால்பங்கு கூட வேண்டும். ‘காற்றை இறக்கு, டயரை அகலமாக்கு’ என்ற கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆதரவு கிடைக்காது.

1963இல் கே.ஏ. குரோஷ் இன்னொரு படி போனார். ரப்பரின் உராய்வு வழுக்கும் வேகத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஏறி இறங்குகிறது என்றும், அதில் ஒட்டுதல், உள்ளுக்குள் உருக்குலைந்து மீளும்போது இழக்கும் ஆற்றல் என இரண்டு பங்குகள் உண்டு என்றும் அவர் பிரித்தார். அவர் வேலை பார்த்த இங்கிலாந்து ஆய்வகம் மலாயா ரப்பர் ஏற்றுமதியின் மீது விதித்த தீர்வையில் நடந்தது. அந்த ரப்பரைப் பால்வெட்டி எடுத்தவர்களில் பலர் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். டயர் அறிவியலின் முகவுரையில் அவர்களுக்கு இடம் கொடுத்தவர் எவரும் இல்லை.

பந்தயக்காரர்கள் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. 1950களிலேயே மாசசூசெட்ஸின் எம் அண்ட் எச் நிறுவனம் பூவேலை இல்லாத, மென்மையான, அகலமான மொட்டை டயரை டிராக் பந்தயத்துக்கென்றே வார்த்தது. புறப்படும் முன் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை கிளப்பிச் சூடாக்கும் பழக்கம் அடுத்து வந்தது. பார்வையாளருக்கு அது வேடிக்கை. டயருக்கோ குரோஷ் சொன்ன வெப்பநிலையை எட்டும் வழி, ஒட்டியிருக்கும் தூசும் போய்விடும்.

ஆனால் ஷலமாக்கின் சோதனை வழவழப்பான பரப்பில் நடந்தது. தார்ச்சாலை அப்படி இருப்பதில்லை. கரடான பரப்பில் ரப்பர் உண்மையில் தொடும் இடம் வெளித்தோற்றப் பரப்பில் ஒரு சிறு பங்குதான், அது எடைக்கு நேர்விகிதத்திலேயே வளர்கிறது என்று போ பெர்சன் 2001இல் தொடங்கி எழுதிய கட்டுரைகள் வாதிடுகின்றன. இதை முழுதாக ஏற்றால் நாம் சுற்றி வந்து மறுபடி அமோந்தோன் வாசலிலேயே நிற்போம். அகல டயர் ஏன் பிடிக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பெர்சன் தரப்பு காட்டும் காரணம் வெப்பம். தொடும் நுண்ணிடங்கள் ஒவ்வொன்றும் வழுக்கும்போது நொடியில் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. வேலையை அதிகப் பரப்பில் பகிர்ந்துகொண்டால் அந்தச் சூடு குறையும். இந்த இரண்டு விளக்கங்களில் தார்ச்சாலையில் எது மேலோங்குகிறது என்பதில் இன்னும் கருத்தொற்றுமை வந்ததாகத் தெரியவில்லை.

காற்று தாங்கும் எடை

இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

டயரைச் சற்று நேரம் வெறும் காற்றுப்பையாக நினைத்துக்கொள்வோம். அது தாங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையில் பதியும் பரப்பு கிடைக்கும். புறப்படும்போது பின்சக்கரத்தில் 110 கிலோ எடை விழும் ஒரு சிறிய வண்டியை எடுப்போம். 28 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. பதிவு சுமார் 56 சதுர சென்டிமீட்டர், நம் உள்ளங்கையைவிடச் சிறியது. 14 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 112.

இந்தக் கணக்கில் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே காற்றோடு இரண்டு மடங்கு அகல டயர் மாட்டினாலும் பதிவின் பரப்பு அதேதான். நீளம் பாதியாகி அகலம் இரட்டிக்கும், அவ்வளவே. ‘பெரிய டயர் அதிக ரப்பரைத் தரையில் வைக்கும்’ என்று கடைத்தெருவில் சொல்லப்படுவது, காற்றை மாற்றாதவரை, ஏறக்குறையத் தவறு.

பிறகு அகலம் எதற்கு? பதிவு 5.5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் 28 பி.எஸ்.ஐ.யில் அதன் நீளம் 10 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதற்காக 4 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். 14க்கு இறக்கினால் நீளம் 20, அமுங்கல் 17 மில்லிமீட்டர். காற்று பாதியானது, அமுங்கல் நான்கு மடங்கானது. பக்கச் சுவர் மடங்கும், வண்டி பின்னால் ஆடும், ரிம் மீது டயர் நழுவும். இரட்டிப்பு அகலத்தில் அதே 14 பி.எஸ்.ஐ. என்றால் அமுங்கல் மறுபடி 4 மில்லிமீட்டர்தான். அகலத்தின் உண்மையான ஊழியம் இதுதான் என்று தோன்றுகிறது: குறைந்த காற்றில் ஓட அது அனுமதிச் சீட்டு. இரண்டு கேள்விகளாகக் கேட்கப்பட்டுவரும் அகலமும் அழுத்தமும் உள்ளே ஒரே கேள்வி. டாப் ஃபியூவல் வண்டியின் பின் டயர் ஒன்றரை அடி அகலத்தை நெருங்குவதும், அதில் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ. மட்டுமே இருப்பதும் ஒரே முடிவின் இரண்டு முகங்கள்.

கணக்கின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். டயர் வெறும் பை ஆகாது. நைலான் நூலும் ரப்பர்ச் சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. காற்று குறையக் குறைய அந்தப் பங்கு பெரிதாகும். ஆகவே பரப்பு கணக்குச் சொல்லும் அளவுக்கு இரட்டிக்காது. மோட்டார் சைக்கிள் டயரின் முதுகு வளைந்தது என்பதால் அகல டயரின் ஓரங்கள் நேர் ஓட்டத்தில் தரையைத் தொடாமலே போகலாம். வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே 32 ஆகிவிடும். சென்னைச் சித்திரை வெயிலில் காலை நிழலில் பிடித்த காற்றும் நண்பகல் ஓட்டத்தின் காற்றும் ஒன்றல்ல. வெப்பநிலையைக் குறிக்காமல் பேசப்படும் பி.எஸ்.ஐ. எண்களை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடுவது வீண்.

டிராக் டயரின் சுவர் மடிவதில் இன்னொரு பயனும் உண்டு. 1960களின் நடுவில் வந்த சுருக்கச்சுவர் டயர், கிளட்ச் விட்ட கணத்தில் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கிறது. எஞ்சினின் முதல் அடியை அந்த முறுக்கு வாங்கிக்கொண்டு சற்றுத் தாமதித்துத் தரைக்குத் தருகிறது. வேகம் கூடியதும் அதே மெல்லிய டயர் மையவிலக்கு விசையால் உயரமாகிக் குறுகுகிறது. கியர் மாற்றாமலே கியர் விகிதம் மாறுகிறது. குறைந்த காற்று தரும் ஆதாயத்தில் பரப்பின் பங்கு எவ்வளவு, இந்த முறுக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஒல்லி டயர்க்காரர்களின் நியாயம்

தமிழ்நாட்டில் டிராக் என்றதும் பலர் மனத்தில் ஓடுவது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் வந்து 1996இல் நின்ற வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. இந்த வண்டிக்காரர்களிடம் அமெரிக்க ஞானம் எடுபடாது. ஒல்லி டயர், காற்று கல்லுமாதிரி என்பதே அங்கே வழக்கமான பேச்சு. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

ஓட்டுநரோடு 165 கிலோ என்று வைப்போம். பின்சக்கரத்தில் விழும் 110 கிலோவுக்கு, உராய்வுக் கெழு 0.9 என்றால், தரை தாங்கக்கூடிய தள்ளுவிசை சுமார் 970 நியூட்டன். செயின் வரை இழப்பு போகச் சக்கரத்துக்கு வருவது 7 கிலோவாட் என்று கொண்டால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் டயரை வழுக்கவைக்கும் வலுவே எஞ்சினிடம் இருக்காது. பிடிப்பு பிரச்சினையாக இருப்பது முதல் ஒரு விநாடி சொச்சம், முதல் நான்கைந்து மீட்டர். மீதித் தூரம் முழுக்க எஞ்சினின் ஆட்சி. அந்தத் தூரத்தில் அகல டயர் வெறும் சுமை. சக்கர விளிம்பில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும், முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வண்டியில் ஏறக்குறைய இருநூறு கிராம் கூடியதற்குச் சமம்.

போர்ட்டிங் செய்து, சைலன்சர் மாற்றி, திறனை 20 குதிரைக்கு ஏற்றிய வண்டியில் அந்த எல்லை 45 கி.மீ. பக்கம் போகும். 1340 சிசி, 190 குதிரைத்திறன் கொண்ட ஹயபூசாவில் அது 130 கி.மீ.யைத் தாண்டும். ஓட்டத்தின் முதல் சில விநாடிகள் முழுக்க டயரின் கையில். ஒல்லிக் கட்சியும் அகலக் கட்சியும் சண்டையிடுவதுபோலத் தெரிந்தாலும் அவர்கள் வெவ்வேறு வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒல்லிக் கட்சியின் சான்றுகளிலும் ஒரு கலப்படம் உண்டு. 18 அங்குல ரிம்மில் 2.75 டயரைக் கழற்றி 3.00 மாட்டினால் அகலம் மட்டும் கூடுவதில்லை. உயரமும் கூடும். விட்டம் 23.5 அங்குலத்திலிருந்து 24 ஆகிறது, 2 சதவீதம் அதிகம். 40 பல் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்ததற்குக் கிட்டத்தட்ட ஈடானது இது. ‘பெரிய டயர் போட்டதும் பிக்கப் போயிடுச்சு’ என்ற தீர்ப்பில் அகலத்தின் குற்றம் எவ்வளவு, கியர் நீண்டதன் குற்றம் எவ்வளவு என்று எவரும் விசாரிப்பதில்லை. அகலமே உருளும் தடையைக் கூட்டும் என்பதும் சந்தேகத்துக்குரியது. ஒரே அழுத்தத்தில் அகல டயர் குறைவாக அமுங்குவதால் எளிதாகவே உருளும். சைக்கிள் பந்தயத்தில் 23 மில்லிமீட்டர் டயரைக் கைவிட்டு 28க்குப் போனதற்கு இது முக்கியக் காரணம்.

லாரிக்காரர் பாடம்

‘காற்று நிறைய இருப்பதே நல்லது’ என்ற நம்பிக்கை பந்தயத்தில் பிறந்ததாகத் தெரியவில்லை. துறைமுகத்திலிருந்து எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்தால் அதன் ஊற்று புரியலாம். அந்த டயர்களில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று. குறைந்தால் சுவர் மடங்கி மடங்கி உள்ளே சூடேறும், நூல் பிரியும், டயர் வெடிக்கும். மணிக்கணக்காகச் சுமை தாங்கும் டயருக்கு அது உயிர் காக்கும் விதி. பத்துப் பதினைந்து விநாடி ஓடி நிற்கும் டயருக்குச் சூடு சேர நேரமே இல்லை. ஒரே பஞ்சர் கடையில் இரண்டுக்கும் காற்று பிடிப்பதால் விதியும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

டியூப் போட்ட ஸ்போக் சக்கரத்துக்கு மட்டும் லாரிக்காரர் எச்சரிக்கை வேறு விதத்தில் பொருந்தும். காற்றை மிகவும் இறக்கினால் புறப்படும் உதையில் ரிம் சுற்றும், டயர் பின்தங்கும். டியூப் டயரோடு போகும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டிக்கொண்டு வேரோடு பிய்யும். டிராக் வண்டிகளில் ரிம்மையும் டயரையும் திருகாணி போட்டுப் பிணைப்பது இதற்காகத்தான்.

முன்சக்கரம் எழும் இடம்

இதுவரை சொன்ன எல்லாத் தரப்பும் பிடிப்பு கூடினால் வேகம் கூடும் என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டு சக்கர வண்டியில் இது பாதி உண்மை. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடைமையம் பின் அச்சிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டின் விகிதம் ஒரு வரம்பு போடுகிறது. சாதாரணச் சாலை வண்டியில் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்று. முடுக்கம் புவியீர்ப்பை எட்டியதும் முன்சக்கரம் காற்றில் எழும். அதற்கு மேல் டயர் எவ்வளவு பிடித்தாலும் வண்டி முன்னே போகாது, மேலே போகும்.

நல்ல தார்ப்பரப்பில் சூடேறிய சாலை டயரே உராய்வுக் கெழு ஒன்றை நெருங்கிவிடும். ஆகவே பெரிய பைக்கில் அகல டயர் மட்டும் மாட்டுகிறவர் ஒரு பூட்டைத் திறந்து அடுத்த பூட்டில் முட்டிக்கொள்கிறார். பின் ஸ்விங்ஆர்மை நீட்டி, முன் ஃபோர்க்கை இறக்கி, எடைமையத்தை ஒரு மீட்டர் முன்னாலும் அரை மீட்டர் உயரத்திலும் வைத்தால் வரம்பு இரண்டு மடங்காகும். அப்போதுதான் மென் டயருக்கும் குறைந்த காற்றுக்கும் செய்ய வேலை இருக்கும். டிராக் பைக்குகள் பாம்புபோல நீண்டு கிடப்பது அழகுக்காக அல்ல. டயரைப் பற்றிய விவாதம் வண்டியின் நீளத்தைக் குறிப்பிடாமல் நடந்தால் அதை முழு விவாதமாகக் கொள்வது கடினம்.

எந்தத் தரை?

பிடிப்பு டயருக்கும் தரைக்கும் இடையிலான ஒப்பந்தம். தரைப் பக்கத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அமெரிக்க ஓடுதளங்களில் பிசின் தெளித்து, முந்தைய ஓட்டங்களின் ரப்பர் படிந்து, செருப்பு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தரையைத் தயார்செய்கிறார்கள். 6 பி.எஸ்.ஐ. ஞானம் அந்தத் தரையில் விளைந்தது. வளைவுகள் கொண்ட பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதியிலோ பழைய விமான ஓடுதளத்திலோ அதை அப்படியே கொண்டுவந்து இறக்க முடியாது.

வடசென்னைத் தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்காற்றின் ஈரமும் உப்பும், அனல்மின் நிலையப் பக்கத்துச் சாம்பல் தூசு, டிரெய்லர்கள் சொட்டும் டீசல், மணல். தூசு படிந்த பரப்பில் தொடுஅழுத்தம் குறைந்த அகல டயர் தூசின் மேலேயே மிதக்கலாம், ஒல்லி டயர் அதைப் பிளந்து தாரைத் தொடலாம். ஈரத்தில் இந்தப் போக்குக்கு ஓர் அளவுகூட உண்டு. நாசாவின் வால்டர் ஹார்னும் சகாக்களும் 1960களில் விமான டயர்களுக்குக் கண்ட சூத்திரத்தின்படி, டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. 30 பி.எஸ்.ஐ.யில் மணிக்குச் சுமார் 91 கி.மீ., 15இல் 64. வளைந்த முதுகுள்ள பைக் டயருக்கு எண்கள் வேறாகும், திசை மாறாது என்று கொள்ளலாம். பிசின் தரையில் காற்றை இறக்கச் சொல்லும் அதே இயற்பியல், நனைந்த சாலையில் ஏற்றச் சொல்கிறது.

பொதுச்சாலையில் செய்து பார்த்த ‘சோதனை’களை இக்கட்டுரை கணக்கில் சேர்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு சாலைப் பந்தயத்தைக் குற்றமாக்குகிறது. இரு சக்கர வண்டியின் டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருப்பதால் மொட்டை டயருக்குச் சாலையில் இடமே இல்லை. உற்பத்தியாளர் தந்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், இருபது அடிக்கு ஒருமுறை மாறும் தரையில் எடுத்த நேரம் டயரைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

தீராதவை

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை குறைவே. ஒரே காற்றில் அகலம் மட்டும் கூடினால் பதிவு பெரிதாவதில்லை. சிறிய எஞ்சினுக்கு டயரின் அகலம் பெரும்பாலும் பொருட்டல்ல. நீளம் குட்டையான பைக்கில் பிடிப்புக்கு முன்சக்கரம் வரம்பு போடுகிறது. இவற்றை மறுக்கும் தரப்பு இப்போது வலுவாக இல்லை.

தார்ப்பரப்பில் காற்றைக் குறைப்பதால் வரும் ஆதாயம் ஷலமாக் சொன்ன வழியில் வருகிறதா, பெர்சன் சொன்ன வெப்ப வழியிலா, சுவரின் முறுக்காலா என்பது திறந்தே கிடக்கிறது. நடைமுறையில் இந்த வேறுபாடு முக்கியம். காரணம் பரப்பு என்றால் அகல ரிம் வாங்க வேண்டும். முறுக்கு என்றால் ரிம்மை விட்டுவிட்டுச் சுவர் மெலிந்த டயர் தேட வேண்டும். வெப்பம் என்றால் இரண்டையும் விட்டு ரப்பர்க் கலவையை மாற்ற வேண்டும். மின்சார வண்டிகள் கேள்வியை இன்னும் புரட்டுகின்றன. மின்மோட்டாரின் முறுக்குவிசை முதல் சுழற்சியிலேயே முழுதாக வந்துவிடும். அதே சமயம் வழுக்கலை விநாடியின் சிறு பின்னத்துக்குள் உணர்ந்து அடக்கவும் முடியும். கிளட்ச் விடும் கையின் பிழையைப் பொறுத்துக்கொள்ள டயர் முறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பிழை இல்லாதபோது மென்சுவருக்கு எவ்வளவு மதிப்பு மிஞ்சும் என்பது இனித்தான் தெரியவரும்.

இந்தத் தரப்புகளைப் பிரித்தறிய ஒரு வழி ஏற்கெனவே ஓடுதளங்களில் இருக்கிறது. முதல் 60 அடிக்கான நேரத்தைத் தனியாகவும், முடிவுக்கோட்டு வேகத்தைத் தனியாகவும் கருவி பதிவு செய்யும். பிடிப்பு முதல் எண்ணில் தெரியும். எஞ்சின் வலுவும் உருளும் தடையும் இரண்டாவதில் தெரியும். சக்கர எடையும் கியர் நீளமும் இரண்டிலும் கைவைக்கும் என்பதால் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே ரப்பர்க் கலவை கொண்ட இரண்டு அகலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று காற்றழுத்தங்களில், தரை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். 100 சிசி வண்டியில் முதல் எண் சற்றே அசைந்து, மொத்த நேரம் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் என்று மேலே போட்ட கணக்கு எதிர்பார்க்கிறது. அசைவு அதைவிடப் பெரிதாக வந்தால் கணக்கில் விட்டுப்போன ஏதோ ஒன்று, பெரும்பாலும் அந்தப் பக்கச் சுவர், மறுபடி விசாரணைக்கு வரும்.